கையை நீட்டிக்கொண்டு நிற்கிற எதிரி

கேள்வி இது: "எனக்கு 38 வயது. ஏழு வயது மகனோடு சேர்ந்து கராத்தே கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நிஜச் சண்டைக்குக் கராத்தே உதவாது, காற்றில் குத்துகிற வேலைதான் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். உண்மையா? கருப்பு பெல்ட் வாங்க எத்தனை வருடம் ஆகும்? நல்ல மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான் 34 வருடமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் நண்பர்கள் மீது எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அவர்கள் பாதிதான் தப்பு.

எந்த வகுப்புக்குப் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் "முகத்துக்கு!" என்று அறிவிப்பார். பிறகு நீளமாக ஒரு அடி எடுத்துவைத்து முகத்துக்கு நேராகக் குத்துவார். குத்திய கை அங்கேயே, கொடிக்கம்பு மாதிரி நீட்டியபடி நிற்கும். எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்வாங்கி, முன்கையால் மேலே தடுத்து, சாவகாசமாகத் திருப்பிக் குத்தி, ஒரு கத்து கத்துவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மூன்று பொய் இருக்கிறது. எங்கே அடிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எவனும் அடிப்பதில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து காலெடுத்து வைத்து வருவதும் இல்லை. குத்திய கையை யாரும் அங்கேயே விட்டுவைப்பதும் இல்லை.

இந்த மூன்றாவது பொய்தான் ஆபத்தானது. இது எனக்கே புரிய வெகுகாலம் ஆனது.

என்னிடம் ஏழு வருடம் படித்த ஒரு பையன், கருப்புக்கு முந்தைய படியான பிரவுன் பெல்ட். அவன் மேல்தடுப்பைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டலாம், அவ்வளவு சுத்தம். ஒருநாள் இரண்டே வருடம் குத்துச்சண்டை பழகிய ஒரு புதுப்பையன் வகுப்பில் சேர்ந்தான். லேசாகத்தான் விளையாடுங்கள் என்று சொல்லி இருவரையும் விட்டேன். புதுப்பையன் இடது கையை ஒருமுறை சுண்டினான். என் மாணவனின் தடுப்பு மேலே எழுந்தபோது அந்தக் கை மூக்கைத் தொட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டது. காலியான இடத்தைத் தடுத்தான். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. மூன்றாவதில் மூக்கு சிவந்து கண்ணில் நீர் கட்டிவிட்டது. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டான்: "மாஸ்டர், அவன் கையை அங்கேயே வெக்கலையே?"

ஏழு வருடம் படித்தவன் கேட்ட கேள்வி அது. அவனைக் குறை சொல்ல வழியே இல்லை. கையை அங்கேயே வைக்கிற எதிரியைத்தான் ஏழு வருடமும் நான் அவன் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்து என்று சொன்னால்கூட, கண் பார்த்து விரல் அசைய சுமார் 0.2 விநாடி ஆகும். இடமா வலமா, மேலா கீழா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். கை எட்டும் தூரத்தில் நிற்பவனின் குத்து வந்து சேர ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். ஆகவே கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு 'பார்த்துத் தடுக்கிறேன்' என்பது நடக்காத காரியம். ஒன்று, அவன் கால் எடுத்து வைத்தால்தான் எட்டும் என்கிற தூரத்தில் நிற்க வேண்டும். அப்போது கையைப் பார்க்க வேண்டாம், தோளும் இடுப்பும் அசைவதே போதும். இல்லையென்றால் அவன் கையைப் பிடித்துக்கொள்ளுமளவு ஒட்டி நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்றால் அடி வாங்க வேண்டியதுதான். கராத்தேயில் மிக முக்கியமான பாடம் எது என்று கேட்டால் இந்தத் தூரம் என்றுதான் சொல்வேன். குத்தும் உதையும் அதற்குப் பிறகு.

சரி, அப்படியென்றால் கராத்தே பொய்யா? இல்லை. நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது.

ஜப்பானின் தெற்குத் தீவான ஓகினாவாவில் கராத்தே ஒரு ஆசிரியர், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள் என்று வீட்டு முற்றத்தில் வளர்ந்த கலை. 1901 வாக்கில் இட்டோசு ஆன்கோ என்ற ஆசான் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். பிள்ளைகளுக்காகவே பினான் என்கிற ஐந்து கட்டாக்களை அமைத்தார். கட்டா என்றால் தனியாளாக வரிசைப்படி செய்கிற அசைவுத் தொகுப்பு. பள்ளி என்றால் வரிசை, எண்ணிக்கை, எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே அசைவு. சிறு பிள்ளைகளுக்குக் கழுத்தைத் திருகுவதையும் மூட்டைப் பிடுங்குவதையும் கற்றுத்தர முடியாது, கற்றுத்தரவும் கூடாது. அசைவு மட்டும் தங்கியது, அது எதற்கு என்பது பின்னுக்குப் போனது. 1922-இல் ஓகினாவா ஆசான் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவில் செய்துகாட்டிய பிறகு பல்கலைக்கழகங்களில் பரவியபோதும் அந்த வரிசை முறையே கூடப் போனது. இன்று நாம் 'ஆதி காலத்துப் பயிற்சி' என்று பயபக்தியோடு செய்வதில் பெரும்பகுதி பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பின் வாரிசு என்பது என் கணிப்பு.

ஒரு உதாரணம். ஒரு கையால் குத்தும்போது மறுகையை இடுப்புக்கு இழுக்கச் சொல்வோம். ஹிகிதே என்று பெயர். ஏன் என்று கேட்டால் 'சக்தி கூடும்' என்பார்கள். நானும் 15 வருடம் அதையேதான் சொன்னேன். குத்துச்சண்டைக்காரர் எவரும் கையை இடுப்பில் வைப்பதில்லை, அவர்கள் குத்தில் சக்திக்கு என்ன குறை? முகத்தைத் திறந்துபோட்டதுதான் மிச்சம். ஆனால் அந்த இழுக்கிற கையில் எதிரியின் மணிக்கட்டோ சட்டையோ இருப்பதாக நினைத்துச் செய்துபாருங்கள். அவன் இழுபட்டுச் சாய்கிறான், அவன் தலையே குத்தை நோக்கி வருகிறது. வெறும் கையை இழுத்தால் சடங்கு, எதையாவது பிடித்து இழுத்தால் வேலை. 'தடுப்பு' என்று நாம் பெயர் வைத்திருக்கிற பல அசைவுகளும் இப்படித்தான். மேலே தூக்குகிற முன்கையை, ஒட்டி நிற்பவனின் தாடைக்கடியில் வைத்து நெட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதனால்தான் கட்டாவைத் தூக்கிப்போடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது கட்டா மனப்பாடமாகச் செய்கிறவர்களோடும் இல்லை. ஃபுனகோஷி மூன்று நைஹான்சி கட்டாக்களில் மட்டும் பத்து வருடம் செலவிட்டதாக எழுதியிருக்கிறார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு கட்டா, ஒரு பரீட்சை, ஒரு பெல்ட். மாணவர்கள் அடுத்ததைக் கேட்கிறார்கள், மாஸ்டருக்கும் அடுத்ததைக் கொடுத்தால்தான் அடுத்த கட்டணம்.

இப்போது என் வகுப்பில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தப் பழைய ஜோடிப் பயிற்சியை முதல் ஆறு மாதம் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்கு எங்கே நிற்பது என்று தெரிய வேண்டுமே. அதற்கப்புறம் மூன்று பொய்யையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். முதலில் அறிவிப்பு போகும். பிறகு கை நிற்காது, உடனே திரும்பும். பிறகு அடிப்பவருக்கு 'உன் வேலை தொடுவது, அவர் வேலை தொடவிடாமல் இருப்பது' என்று மட்டும் சொல்வேன். வேகம் பாதிக்குப் பாதிதான், கையுறை உண்டு, பல்காப்பு உண்டு. அந்த நாளில் எல்லோருடைய அழகும் போய்விடும். நாலு வருடம் படித்தவர் நாலு மாதம் படித்தவர் போலத் தடுமாறுவார். சிலர் அந்த வாரமே நின்றுவிடுவதும் உண்டு. முன்பெல்லாம் அவர்கள் போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கத்திக்கு எதிரான பாடத்தை நான் நிறுத்தியதே ஒரு சிவப்பு மார்க்கரால்தான். கராத்தே உடை வெள்ளை. ஒருவரிடம் மூடி கழற்றிய மார்க்கரைக் கொடுத்து 'இதுதான் கத்தி, முப்பது விநாடி, எப்படி வேண்டுமானாலும் வா' என்றேன். தற்காத்துக்கொள்ள வேண்டியவர் நல்ல தேர்ச்சி உள்ள கருப்பு பெல்ட். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கத்தியைப் பறிப்பதில் வகுப்பிலேயே கெட்டிக்காரர். முப்பது விநாடி முடிந்ததும் எண்ணினோம். வயிற்றில் ஏழு கோடு, முன்கைகளில் பதினொன்று, கழுத்தில் ஒன்று. மார்க்கரைப் பறித்தாரா என்றால், கடைசியில் பறித்தார். அந்த உடையை வெகுநாள் துவைக்காமல் வைத்திருந்தோம். இன்று கத்தி என்று யாராவது கேட்டால் ஓடுவது, ஓட முடியாவிட்டால் நடுவில் நாற்காலியோ பையோ கொண்டுவருவது, கத்துவது, இவ்வளவுதான் சொல்லித்தருகிறேன். பறிக்கிற வித்தை சினிமாவுக்கு.

எதிரி ஒத்துழைத்தே பழகுகிற இந்த நோய் முற்றினால் எங்கே போய் முடியும் தெரியுமா? தொடாமலே ஆளை வீழ்த்துகிற மாஸ்டர்கள். கையை வீசுவார், பத்து அடி தள்ளி நிற்கிற மாணவர்கள் உருண்டு விழுவார்கள். பலரும் நினைப்பதுபோல அவர்கள் எல்லோரும் நடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் மரியாதைக்காகக் கொஞ்சம் சாய்கிறார்கள். சாயாதவனை மாஸ்டர் முறைக்கிறார். பத்து வருடம் இப்படிப் போனால் மாணவனுக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று. வெளியாள் ஒருவர் வந்து நின்றால் மட்டும் வித்தை வேலை செய்யாது. நீட்டிய கையை அங்கேயே விட்டுவைக்கிற மாணவனும் இவர்களுக்குத் தம்பி முறைதான்.

ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், முழுக்க ஆகாது. ஒவ்வொரு போட்டி விதியும் ஒவ்வொரு கெட்ட பழக்கத்தைக் கொடுக்கும். புள்ளிப் போட்டியில் குத்துக்கு 1, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3. பட்டதும் நடுவர் நிறுத்திவிடுவார். அதனால் பாய்ந்து தொட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் வரும். கியோகுஷின் என்கிற கராத்தே பிரிவில் கையால் முகத்தில் குத்த அனுமதி இல்லை. அவர்கள் நெஞ்சோடு நெஞ்சு நின்று கல்லுடைக்கிற மாதிரி அடித்துக்கொள்வார்கள், அந்த மன உறுதிக்கு என் வணக்கம், ஆனால் கைகள் கீழேயே இருக்கும். ஆனாலும் புள்ளிப் போட்டிக்காரர்களைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: தூரத்தை அவர்களைப்போல் அளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. 2009-இல் யூஎஃப்சி என்கிற கலப்புச் சண்டைப் போட்டியில் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற லியோட்டோ மச்சிடா, ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவிலிருந்து வந்தவர். எட்டாத தூரத்தில் நின்று, எதிராளி கால் வைக்கிற நொடியில் உள்ளே புகுவது, அதுதான் அவருடைய மூலதனம். கூடவே அவருக்கு மல்யுத்தமும் ஜியு-ஜிட்சுவும் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதிப்போட்டி. சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலை. அவர் விட்ட உதை தலையில் பட்டு ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அளவுக்கு மீறிய அடி என்று ஹமேதி தகுதிநீக்கம், விழுந்தவருக்குத் தங்கம். உலகமே சிரித்தது. விதிப்படி சரிதான், கட்டுப்பாடு என்பது அந்தப் போட்டியின் அடிப்படை. ஆனால் சரியாகப் பட்டால் குற்றம், படாமல் பட்ட மாதிரி இருந்தால் புள்ளி என்பதை வெளியாட்களுக்கு எப்படி விளக்குவது? நான் அன்று முயற்சி செய்து தோற்றேன்.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை பெல்ட் வருடக்கணக்கில் அழுக்கேறித்தான் கருப்பானது என்று ஒரு கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். தேர்ந்தவர்களைக் கருப்பு பெல்ட்டால் பிரித்துக்காட்டியது ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ, 1880-களில். ஃபுனகோஷி அதைக் கடன் வாங்கித் தன் மாணவர்களுக்குக் கொடுத்தது 1924-இல். மஞ்சள், பச்சை, நீலம் என்கிற வண்ண வரிசை பரவியது 1930-களில், பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிக்கினோசுக்கே மூலமாக. முதல் கருப்பு பெல்ட்டுக்கு 'ஷோடான்' என்று பெயர். ஆரம்பப் படி என்று அர்த்தம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வாரம் மூன்று நாள் ஒழுங்காக வந்தால் நாலிலிருந்து ஆறு வருடம் ஆகும். பதினெட்டு மாதத்தில் உறுதி என்று எழுதித்தருகிற இடம் பெல்ட் விற்கிற கடை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கருப்பு பெல்ட் கட்டிப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஒரு காலத்தில் பரீட்சையில் யாரையும் ஃபெயில் ஆக்காமல் இருந்தேன். பெற்றோர் முகம் வாடிவிடும், அடுத்த மாதம் வரமாட்டார்கள் என்கிற பயம்தான், வேறென்ன.

இனி உங்கள் வயது. 38-இல் தாராளமாகத் தொடங்கலாம். என் கவலை உங்கள் வயதைப் பற்றி இல்லை, உங்கள் முழங்காலைப் பற்றி. என் இரண்டு முழங்காலும் இன்று படி இறங்கும்போது சத்தம் போடும். தவளைக் குதி குதித்து மைதானத்தைச் சுற்றியது, தரையைத் தொடுமளவு தாழ்ந்த நிலைகளில் நிமிடக்கணக்கில் நின்றது, காற்றில் முழு பலத்தோடு உதைத்து முழங்காலை 'டக்'கென்று பூட்டியது, எல்லாம் சேர்ந்து கொடுத்த பரிசு. காற்றில் உதைக்கும்போது காலை நிறுத்த எதிரே எதுவும் இல்லை, மூட்டுதான் நிறுத்துகிறது. ஆயிரம் முறை நிறுத்தினால் அது கேள்வி கேட்கத்தான் செய்யும். கடைசிக் கொஞ்சத்தை நீட்டாமல் விடுங்கள், அல்லது பையை உதையுங்கள். வட்ட உதையில் நிற்கிற காலின் குதிகாலைத் தூக்கி, பாதத்தின் முன்பகுதியில் திரும்புங்கள். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் கற்ற காலத்தில் பயிற்சி நடுவே தண்ணீர் குடிப்பதே பலவீனம் என்பார்கள். சுத்த முட்டாள்தனம், தாகம் எடுத்தால் குடியுங்கள்.

பையனுக்கு ஏழு வயது. விரல்முட்டியைத் தரையில் ஊன்றித் தண்டால், பலகையில் குத்தி முட்டியைக் காய்க்கவைப்பது, இதெல்லாம் அவனுக்குக் கூடவே கூடாது. எலும்பு வளர்கிற நுனிகள் இன்னும் மூடவில்லை. தலையில் அடி பட்டுத் தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம் என்று ஏதாவது இருந்தால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது, மருத்துவர் பார்த்த பிறகுதான் மறுபடி. 'தட்டிவிட்டுக்கொண்டு எழுந்திரு' என்று சொல்கிற மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள். மற்றபடி அந்த வயதில் துரத்திப் பிடிப்பது, உருள்வது, அடிபடாமல் விழுவது, இவைதான் பாடம். விழத் தெரிவது அவனுக்குச் சைக்கிளிலும் உதவும்.

'ஒழுக்கம் வரும்' என்று நினைத்துச் சேர்த்தால் ஒரு எச்சரிக்கை. வகுப்பில் குனிந்து வணங்கிவிட்டு, வெளியே செருப்பு மாட்டும்போதே அம்மாவிடம் எரிந்துவிழுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் மூன்று மணி நேரம் என்னோடு இருக்கிறான், மீதி நேரம் எங்கே இருக்கிறான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களும் கூட வந்து, அவன் கண்ணெதிரே தடுமாறி, திட்டு வாங்கி, மறுநாளும் வந்தால், அதை அவன் கவனிப்பான். அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்தவர்கள்தான் என்னிடம் அதிக நாள் நின்றிருக்கிறார்கள்.

மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பிரிவு, எந்தச் சங்கம், சுவரில் எத்தனை சான்றிதழ் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் தேடலாம். பழைய மாணவர்களின் முழங்காலையும் முதுகையும் பற்றி விசாரியுங்கள். மாஸ்டர் மாணவர்களோடு ஸ்பாரிங் செய்கிறாரா, செய்தால் அவர்மேல் எப்போதாவது அடி விழுகிறதா, விழுந்தால் சிரிக்கிறாரா, அல்லது அடுத்த நொடியே அந்தப் பையனை இரண்டு மடங்காகத் திருப்பி அடிக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை ஆள் நான் சின்ன வயதில் கற்ற ஒரு இடத்தில் இருந்தார். அங்கே நாங்கள் கற்றுக்கொண்டது அவரை அடிக்காமல் இருக்க மட்டும்தான்.

அப்புறம், ஜோடிப் பயிற்சி நடக்கும்போது பணிவாகவே கேளுங்கள்: "மாஸ்டர், அவர் குத்திவிட்டுக் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டால் என்ன செய்வது?" நல்லவராக இருந்தால் 'வாங்க, குத்துங்க, பார்க்கலாம்' என்று உங்களையே எழுப்பி நிறுத்துவார். "முதலில் ஐம்பது தண்டால் எடு" என்று பதில் வந்தால், ஒரு வணக்கம் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.